வேக்சர்ஃப் போர்டு வாங்கப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படகு மணிக்கு 10 முதல் 12 மைல் வேகத்தில், அதாவது 16 முதல் 19 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். அதன் பின்னால் எழும் அலையில், படகு இழுக்கும் கயிற்றை விட்டுவிட்டு, அலை தள்ளும் விசையில் மட்டும் சறுக்குவதுதான் வேக்சர்ஃப். வட அமெரிக்க ஏரிகளில் வளர்ந்த விளையாட்டு இது. போர்டு வாங்க வருபவர்கள் பெரும்பாலும் பிராண்டிலிருந்து தொடங்குகிறார்கள். அதை விட்டுவிட்டு முதலில் உங்கள் எடையையும், அடுத்து உங்கள் படகு எழுப்பும் அலையையும், அதற்குப் பிறகு நீங்கள் சறுக்க விரும்பும் விதத்தையும் பாருங்கள். கீழே உள்ள பதில்கள் எல்லாம் இந்த வரிசையை வைத்தே சொல்லப்பட்டவை.

சர்ஃப் வகை, ஸ்கிம் வகை என்கிறார்களே, இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

சர்ஃப் வகை என்பது கடல் சர்ஃப்போர்டைக் குட்டையாக்கிய வடிவம். தடிமன் ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் இருக்கும். அடியில் மீன் துடுப்பு போன்ற ஃபின்கள் இரண்டு, மூன்று அல்லது நான்கு. பக்க ஃபின் ஒவ்வொன்றும் ஏறக்குறைய மூன்றரை முதல் நாலரை அங்குல உயரம். இந்த ஃபின்கள் தண்ணீரைப் பிடித்துக்கொள்வதால் போர்டுக்கு வேகமும் கிடைக்கும், திரும்பும்போது பிடிமானமும் கிடைக்கும். அலையின் அடிவாரத்தில் இறங்கி, மேலேறி, உச்சியில் சட்டென்று திருப்பித் தண்ணீர் தெறிக்க வைப்பது, அலை உச்சியிலிருந்து எம்பிக் காற்றில் போய் இறங்குவது ஆகியவை இதன் வேலைகள்.

ஸ்கிம் வகை, கடற்கரை ஈர மணலில் ஓடவிட்டுச் சறுக்கும் ஸ்கிம்போர்டின் வழியில் வந்தது. தடிமன் ஒரு அங்குலத்தை ஒட்டி இருக்கும். எடையும் மிகக் குறைவு. ஃபின் ஒன்றிரண்டு இருந்தாலும் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு அங்குலத்துக்குள்தான். பிடிமானம் குறைவு என்பதால் தண்ணீரின் மேல் எந்தப் பக்கமும் வழுக்கும். கால்களுக்கு அடியில் போர்டை மட்டும் சுழற்றும் ஷவ்-இட், போர்டோடு சேர்ந்து சுற்றும் 360 போன்றவை இதில் இயல்பாக வரும். இதே ஷவ்-இட்டை நான்கு அங்குல ஃபின் உள்ள போர்டில் முயன்றால், பாதிச் சுற்றிலேயே ஃபின் தண்ணீரைக் கவ்வி உங்களைத் தூக்கி எறிந்துவிடும்.

போட்டிகளிலும் சர்ஃப், ஸ்கிம் என்று தனித்தனிப் பிரிவுகள் வைக்கிறார்கள். இரண்டும் கேட்கும் திறமை அந்த அளவுக்கு வேறுபட்டது.

இடையில் கலப்பு வகை ஒன்றும் உண்டு. சர்ஃப் போர்டைவிட மெல்லியது, ஸ்கிம்மைவிட அகலமும் மிதப்பும் கூடியது, ஃபின்களைக் கழற்றி மாற்றிக்கொள்ளலாம். எந்தப் பக்கம் போவது என்று முடிவாகாதவர்களுக்கு இது நல்ல தேர்வு. ஆனால் இரண்டு வேலையையும் முழுதாகச் செய்யும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

நான் இன்னும் கயிற்றை விடவே பழகவில்லை. எனக்கு எந்த வகை?

சர்ஃப் வகை, அதுவும் கொஞ்சம் பெரிய அளவு. மறுயோசனை வேண்டாம்.

காரணம் இதுதான். அலையில் உங்களைத் தள்ளும் இடம் சிறியது. அதைப் பாக்கெட் என்பார்கள். படகையும் அலையையும் பொறுத்து அது சில மீட்டர் நீளம்தான் இருக்கும். அதற்குள் நின்றால் தள்ளும். ஒரு அடி பின்னால் போனால் தள்ளுவது நின்றுவிடும். அகலமும் மிதப்பும் உள்ள போர்டு, நீங்கள் பாக்கெட்டின் கடைசி ஓரத்துக்குப் போனாலும் முன்காலை அழுத்தினால் மீண்டும் உள்ளே ஓடிவரும். ஸ்கிம் போர்டில் அந்தத் தப்பு செய்தால் திரும்பி வர வழியே இல்லை. வீடியோவில் பார்த்த சுழற்சிகளுக்கு ஆசைப்பட்டு முதல் போர்டாகவே ஸ்கிம் வாங்குபவர்கள், கோடை முழுவதும் கயிற்றைப் பிடித்தபடியே ஓட்டிக்கொண்டிருப்பார்கள்.

தண்ணீரிலிருந்து எழும்போதும் பெரிய போர்டு உதவும். தொடக்கத்தில் மல்லாந்து மிதந்தபடி, இரு குதிகால்களையும் போர்டின் அருகிலிருக்கும் விளிம்பில் வைத்துக் காத்திருப்பீர்கள். படகு மெல்ல நகரும்போது குதிகாலை அழுத்தினால் போர்டு நிமிர்ந்து பாதத்தோடு ஒட்டிக்கொள்ளும். அகலமான போர்டில் பாதம் சரியான இடத்தில் ஒட்டும். குட்டையான, மெல்லிய போர்டு நழுவி வெளியே போய்விடும்.

என் எடைக்கு எத்தனை அடி போர்டு?

ஒவ்வொரு தயாரிப்பாளரும் தங்கள் போர்டுக்குத் தனி அட்டவணை தருகிறார்கள். முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டியது அதைத்தான். தொடங்குவதற்கு, சர்ஃப் வகைக்கு இந்த அளவுகளை மனதில் வைத்துக்கொள்ளலாம்:

45 கிலோவுக்குக் கீழ்: 4 அடி முதல் 4 அடி 4 அங்குலம் வரை
45 முதல் 65 கிலோ: 4 அடி 4 அங்குலம் முதல் 4 அடி 8 அங்குலம் வரை
65 முதல் 80 கிலோ: 4 அடி 8 அங்குலம் முதல் 5 அடி வரை
80 முதல் 95 கிலோ: 5 அடி முதல் 5 அடி 4 அங்குலம் வரை
95 கிலோவுக்கு மேல்: 5 அடி 4 அங்குலத்திலிருந்து 6 அடி வரை

ஸ்கிம் வகையில் இதைவிட மூன்று முதல் ஆறு அங்குலம் குறைத்துக்கொள்ளலாம். இரண்டு அளவுகளுக்கு இடையில் நிற்கிறீர்கள் என்றால், கற்றுக்கொள்பவர் பெரியதை எடுக்க வேண்டும். கயிறின்றி நிதானமாக ஓட்டுபவர் சிறியதை எடுக்கலாம். உயரம் இங்கே கணக்கில் வராது. ஆறடி உயரமும் 62 கிலோ எடையும் உள்ளவர் 62 கிலோவுக்கான போர்டைத்தான் எடுக்க வேண்டும்.

நீளத்தை மட்டும் பார்த்து ஏமாறவும் வேண்டாம். 4 அடி 10 அங்குலத்தில் அகன்ற மூக்கும் அகன்ற வாலும் உள்ள போர்டு, 5 அடி 2 அங்குலக் கூர்மூக்குப் போர்டைவிட அதிக எடையைத் தாங்கலாம். தண்ணீரைத் தொடும் பரப்புதான் உங்களைத் தாங்குகிறது. லிட்டரில் கொள்ளளவு கொடுத்திருந்தால் அதையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

எங்கள் படகின் அலை சிறியது. அதற்கு ஏற்ற போர்டு உண்டா?

உண்டு. ஆனால் போர்டு வாங்கும் முன் அலையைச் சரிசெய்யுங்கள், அது மலிவு. அலையை எழுப்புவது படகு தண்ணீரை விலக்கும் அளவு. எடை கூடினால் அலை கூடும். படகின் எடையைக் கூட்ட வைக்கும் பாலாஸ்ட் பைகளில் நிரப்பும் தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. 400 லிட்டர் பை ஒன்று ஐந்து பெரியவர்கள் கூடுதலாக ஏறிய எடைக்குச் சமம். பழைய வகைப் படகில் எந்தப் பக்கம் சறுக்குகிறீர்களோ அந்தப் பக்கப் பின்மூலையில் எடையை ஏற்றிப் படகைச் சாய்க்க வேண்டும். 2012இல் மலிபு என்ற படகு நிறுவனம் சர்ஃப் கேட் என்ற தகட்டைக் கொண்டுவந்த பிறகு, எடையை இரு பக்கமும் சமமாக வைத்து, பின்புறத் தகடு தண்ணீரின் போக்கைத் தடுப்பதால் ஒரு பக்கம் சுத்தமான அலை எழும் முறை பரவியது. உங்கள் படகு எந்த ரகம் என்று தெரியாமல் ஒரு பக்கமே எடையேற்றினால் அலை கெட்டுப்போகும். எவ்வளவு ஏற்றினாலும் படகின் மொத்த எடை வரம்பைத் தாண்டக்கூடாது. ஆழமும் முக்கியம். மூன்று மீட்டருக்குக் குறைந்த தண்ணீரில் நல்ல படகின் அலையும் தளர்ந்துவிடும்.

இவ்வளவும் செய்தும் அலை சிறியதாகவே இருந்தால், அட்டவணை சொல்வதைவிட நான்கு முதல் ஆறு அங்குலம் நீளமான, தட்டையான, வால் அகன்ற சர்ஃப் போர்டு எடுங்கள். அந்த அலையில் ஸ்கிம் போர்டு வேண்டாம்.

எந்தப் படகின் பின்னாலும் சறுக்கலாமா?

கூடாது. புரொப்பல்லர் படகின் பின்விளிம்புக்கு வெளியே சுற்றும் அவுட்போர்டு, ஸ்டெர்ன்டிரைவ் படகுகளின் பின்னால் வேக்சர்ஃப் செய்யவே கூடாது. சறுக்குபவர் படகிலிருந்து சில அடி தூரத்தில்தான் நிற்கிறார். முன்னால் விழுந்தால் நேராகப் புரொப்பல்லரில். புரொப்பல்லர் படகின் அடியில், உள்ளே தள்ளி அமைந்த வி-டிரைவ், டைரக்ட் டிரைவ் போன்ற இன்போர்டு படகுகள் சரி. வோல்வோ பென்டாவின் ஃபார்வர்டு டிரைவ் போல, புரொப்பல்லரை முன்நோக்கிப் படகுக்கு அடியில் வைத்த அமைப்புகளும் உண்டு.

புகையையும் மறக்க வேண்டாம். எஞ்சின் ஓடும்போது படகின் பின்புறத்தில் கார்பன் மோனாக்சைடு தேங்கும். அதற்கு வாசனை கிடையாது. எஞ்சின் ஓடும் படகின் பின்தட்டை, அதாவது பின்புறம் ஏறி இறங்கும் பலகையைப் பிடித்துத் தொங்கி விளையாடுவதைக் கலிஃபோர்னியா 2004இல் சட்டம் இயற்றித் தடுத்தது இதனால்தான். எஞ்சின் ஓடும்போது குழந்தைகளைப் பின்தட்டில் உட்கார வைக்காதீர்கள்.

வாங்கிய போர்டு எனக்குச் சிறியதா பெரியதா என்று தண்ணீரில் எப்படித் தெரிந்துகொள்வது?

கயிறு தளர்ந்து தொங்கும் இடத்தில் நில்லுங்கள். பிறகு முன்காலில் எடையைக் கொடுங்கள். போர்டு படகை நோக்கி முன்னேறினால் அளவு சரி. எவ்வளவு அழுத்தினாலும் கயிறு மீண்டும் இறுகினால் போர்டு உங்களுக்குப் போதவில்லை, அல்லது அலை போதவில்லை. எது என்று தெரிந்துகொள்ள உங்களைவிட பத்துப் பதினைந்து கிலோ குறைவான ஒருவரை அதே போர்டில், அதே அலையில் ஓட்டச் சொல்லுங்கள். அவர் சுலபமாக நின்றால் அலையில் குறையில்லை.

பெரியது என்பதற்கும் அடையாளங்கள் உண்டு. முன்காலை லேசாக அழுத்தினாலே போர்டு படகின் பின்தட்டை நோக்கிப் பாய்கிறது, பின்காலை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது, திருப்பினால் விளிம்பு தண்ணீருக்குள் போகாமல் மேலேயே மிதக்கிறது என்றால் போர்டு பெரியது.

மூக்கு அடிக்கடி தண்ணீருக்குள் குத்துகிறது என்றால் உடனே போர்டைக் குறை சொல்ல வேண்டாம். பெரும்பாலும் கால் வைத்த இடம்தான் காரணம். பின்கால் பின்பக்க ஃபின்களுக்கு நேர் மேலே, பின்பக்கப் பிடிமானப் பட்டையின் மேல் இருக்க வேண்டும். அது அரை அடி முன்னால் வந்திருந்தால் எந்தப் போர்டும் மூக்கைக் குத்தும்.

போர்டை மாற்றும் முடிவுக்கு வருவதற்கு முன் வரிசையாக மூன்றைச் சரிபாருங்கள்: பாலாஸ்ட், படகின் வேகம், ஃபின். வேகத்தை 0.2 மைல் அளவில்தான் கூட்டிக் குறைக்க வேண்டும். வேகம் குறைந்தால் அலை உயரமாக, செங்குத்தாக, ஆனால் நீளம் குறைந்து எழும். கூடினால் நீண்டு, தட்டையாகும். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

ராக்கர், விளிம்பு, அடிப்பக்கக் குழிவு: இவற்றில் எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் ராக்கர். போர்டைத் தரையில் வைத்துப் பக்கவாட்டில் பார்த்தால் மூக்கும் வாலும் எவ்வளவு மேலே வளைந்திருக்கின்றன என்று தெரியும். அதுதான் ராக்கர். தட்டையான போர்டு தண்ணீரைத் தள்ளாமல் அதன் மேல் ஓடுவதால் வேகமானது. சிறிய அலைக்கும் கனமானவர்களுக்கும் பொருந்தும். வளைவு கூடிய போர்டு, செங்குத்தான அலையில் மூக்குக் குத்தாமல் இறங்கும், சிறிய வட்டத்தில் திரும்பும். ஆனால் அதைத் தள்ள அலைக்கு வலு வேண்டும். பலமான அலை எழுப்பும் புதிய படகுக்காக வடிவமைத்த, வளைவு மிகுந்த போர்டை வாங்கிச் சிறிய படகின் பின்னால் ஓட்டினால் அது சேற்றில் இழுக்கும் வண்டி போலத் திணறும். இணையத்தில் ஒரே போர்டுக்கு 'அபார வேகம்' என்றும் 'நகரவே இல்லை' என்றும் இரு விமர்சனங்கள் இருப்பது பெரும்பாலும் இதனால்தான்.

வால் பக்க ராக்கரையும் தனியாகப் பாருங்கள். மூக்கு வளைவு விழாமல் காப்பாற்றும். வால் வளைவு திருப்பத்தைத் தீர்மானிக்கும்.

அடுத்தது விளிம்பு. உருண்டையான, தடித்த விளிம்பைத் தண்ணீர் சுற்றி வளைத்துக்கொள்ளும். அதனால் அலைமுகத்தில் ஒட்டி நிற்கும், சின்னத் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும், கொஞ்சம் மெதுவாகப் போகும். கூர்மையான விளிம்பிலிருந்து தண்ணீர் உடனே பிரியும். அதனால் வேகம் கூடும், அசைவுக்கு உடனே பதில் தரும். ஆனால் தவறான நேரத்தில் விளிம்பு தண்ணீருக்குள் புகுந்தால் நீங்கள் குப்புற விழுவீர்கள். முன்பாதியில் உருண்டையும், வால் பக்கம் கூர்மையுமாக உள்ள விளிம்புதான் பெரும்பாலோருக்குப் பொருத்தம்.

அடிப்பக்கத்தில் ஒற்றைக் குழிவு இருந்தால் தண்ணீர் அதற்குள் நெருக்கப்பட்டுப் போர்டைத் தூக்கும், வேகம் தரும். வால் பக்கம் இரட்டைக் குழிவோ லேசான வி வடிவமோ இருந்தால் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குச் சாய்வது சுலபம். முதல் ஓரிரு பருவங்களில் இந்த நுணுக்கங்களை உங்கள் கால் உணராது. ராக்கரையும் விளிம்பையும் சரியாக எடுத்தால் போதும்.

வாலின் வடிவம் அவ்வளவு முக்கியமா?

ராக்கர், ஃபின் அளவுக்கு இல்லை. சதுரமாக வெட்டிய அகன்ற வால் சிறிய அலையிலும் தூக்கிக் கொடுக்கும், உச்சியில் சட்டென்று விடுபடும். வட்டமான வால் வளைவுகளை நீளமாக, மென்மையாக எடுக்கும். மீன்வால் போலப் பிளந்த வாலில் அகலமும் இருக்கும், சாயும்போது ஒரு முனை தண்ணீரைப் பிடித்துக்கொள்ளவும் செய்யும். மற்றதெல்லாம் ஒத்த இரண்டு போர்டுகளுக்கு நடுவில் தயங்கும்போது வாலைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஃபின்களை எப்படித் தேர்ந்தெடுப்பது? எத்தனை வேண்டும்?

ஃபின்கள் மாற்றக்கூடிய சர்ஃப் போர்டு ஒன்று கையிலிருந்தால், பல போர்டுகள் வைத்திருப்பதற்குச் சமம். பணம் செலவழிக்க இதைவிட நல்ல இடம் இல்லை. ஆனாலும் பெரும்பாலோர் பெட்டியில் வந்த ஃபின்களைக் கடைசிவரை கழற்றுவதே இல்லை.

மூன்று ஃபின் அமைப்பில் பக்க ஃபின்கள் இரண்டும் மூக்கை நோக்கிச் சற்று உள்வாங்கி நிற்கும். திரும்பும்போது அந்தக் கோணம் போர்டுக்கு உந்துதல் கொடுக்கும். நேராகப் போகும்போது அதே கோணம் லேசான தடையாகும். நடு ஃபின் வாலை நழுவவிடாமல் பிடிக்கும். பிடிமானம், திருப்பம், வேகம் மூன்றும் நடுத்தரமாகக் கிடைப்பதால் கற்றுக்கொள்பவர்கள் இங்கே தொடங்கலாம்.

நடு ஃபினைக் கழற்றினால் அதே போர்டு இரட்டை ஃபின் ஆகிவிடும். வால் இளகும், 360 சுற்றுவது எளிதாகும். செங்குத்தான அலையில் வேகமாகத் திருப்பினால் வால் நழுவும். முதன்முதலாக 360 முயல்பவர்கள் புதுப் போர்டு தேடுவதற்கு முன் இந்த ஒரு திருகைக் கழற்றிப் பார்க்கலாம்.

நான்கு ஃபின் அமைப்பில் நடுவில் தடையே இல்லை. வாலின் நடுவழியாகத் தண்ணீர் நேராக வெளியேறுவதால் வேகம் கூடும். இரு பக்கமும் இரண்டிரண்டு ஃபின்கள் இருப்பதால் சாயும்போது பிடிமானமும் உண்டு. கனமானவர்களுக்கும், பாக்கெட்டிலிருந்து பின்னால் நழுவிக்கொண்டே இருப்பவர்களுக்கும் இது நல்ல மருந்து. திருப்பும் வட்டம் மட்டும் சற்றுப் பெரிதாகும்.

ஃபினின் அளவும் பேசும். உயரமான ஃபின் பிடிக்கும், குட்டை ஃபின் வழுக்கும். பின்நோக்கி அதிகம் சாய்ந்த ஃபின் நீண்ட வளைவுகளுக்கு, நிமிர்ந்து நிற்கும் ஃபின் குறுகிய திருப்பங்களுக்கு. வளையும் பிளாஸ்டிக் ஃபின் மன்னிக்கும். ஃபைபர்கிளாஸ் ஃபின் உங்கள் கால் கொடுத்த விசையை வீணாக்காமல் போர்டுக்குக் கொடுக்கும். ஸ்கிம் போர்டில் ஒற்றைச் சிறு ஃபினிலிருந்து தொடங்கி, சுழற்சிகள் படியப் படிய இன்னும் சிறியதற்கு இறங்குங்கள்.

வாங்கும் முன் ஃபின் பெட்டி எந்த வகை என்று பாருங்கள். ஃபியூச்சர்ஸ் வகையில் அடிப்பாகம் ஒரே நீளப் பட்டை, ஒரு திருகு. பழைய எஃப்சிஎஸ் வகையில் இரண்டு சிறு காதுகள், இரண்டு திருகுகள். எஃப்சிஎஸ் இரண்டாம் வகை திருகில்லாமல் அழுத்தினாலே பூட்டிக்கொள்ளும். ஃபியூச்சர்ஸ் ஃபின் எஃப்சிஎஸ் பெட்டியிலோ, எஃப்சிஎஸ் ஃபின் ஃபியூச்சர்ஸ் பெட்டியிலோ சேராது. சில வேக்சர்ஃப் நிறுவனங்கள் சொந்தத் திருகு முறை வைத்திருக்கின்றன. அப்படியானால் உதிரித் திருகுகள் எங்கே கிடைக்கும் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். ஃபியூச்சர்ஸுக்கும் பழைய எஃப்சிஎஸ்ஸுக்கும் 3/32 அங்குல ஆலன் சாவி (அறுகோணத் திருகுச் சாவி) போதும். அதையும் நான்கைந்து திருகுகளையும் படகிலேயே போட்டுவையுங்கள். ஃபின் அசையாத அளவுக்கு முறுக்கினால் போதும். இன்னும் அழுத்தி முறுக்கினால் பெட்டியின் மரை தேய்ந்துவிடும். அதைச் சரிசெய்வது பெரிய வேலை.

இடது கால் முன்னால் வைப்பவருக்கும் வலது கால் வைப்பவருக்கும் வேறு போர்டா?

பெரும்பாலான போர்டுகள் இரு பக்கமும் ஒரே அமைப்புதான். மாறுவது அலையின் பக்கம். இடது கால் முன்வைப்பவர் படகின் இடப்பக்க அலையிலும், வலது கால் முன்வைப்பவர் வலப்பக்க அலையிலும் சறுக்கினால் அலைமுகத்தைப் பார்த்தபடி நிற்கலாம். கற்றுக்கொள்ளும்போது அப்படித்தான் வேண்டும். அரிதாக ஒரு பக்கத்துக்கென்றே செய்த சமச்சீரற்ற போர்டுகள் விற்பனைக்கு வரும். வீட்டில் இருவருக்கும் பயன்பட வேண்டும் என்றால் அவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

கோவளத்திலோ அறுகம் குடாவிலோ ஓட்டிய கடல் சர்ஃப்போர்டை ஏரிக்குக் கொண்டுவரலாமா?

கொண்டுவர நினைப்பது இயல்புதான், ஆனால் பெரும்பாலும் பொருந்தாது. கடலில் அலையைப் பிடிக்கக் கைகளால் துடுப்பு வலிக்க வேண்டும். அதற்காகவே கடல் போர்டு நீளமாகவும் மிதப்பாகவும் இருக்கிறது. இங்கே படகு இழுத்து எழுப்பிவிடுவதால் அந்த நீளத்துக்கு வேலை இல்லை. பாக்கெட்டின் பாதியை அது அடைத்துக்கொள்ளும், மூக்கு பின்தட்டில் மோதும். கூர்மூக்கு, அதற்கு இவ்வளவு அருகில் மனிதர்கள் என்பதும் ஆபத்து. ஐந்தரை அடிக்குள் இருக்கும், மழுங்கிய மூக்குள்ள மீன்வால் போர்டு கையில் இருந்தால் முயன்று பார்க்கலாம். ஆனால் கடல் போர்டின் மெல்லிய மேல்தோல், படகில் ஏற்றி இறக்கும்போது படும் அடிகளைத் தாங்காது.

ஒன்றை மட்டும் கட்டாயம் விட்டுவிட்டு வாருங்கள். கடலில் உயிர்காக்கும் காற்கயிற்றை இங்கே கட்டவே கூடாது. விழுந்தால் போர்டு உங்கள் மேல் தெறித்து வரும், கயிறு படகிலோ இழுகயிற்றிலோ சிக்கவும் கூடும். கடலில் பழகியவர்களுக்குப் பெரிய அனுகூலமும் உண்டு: விளிம்பில் சாய்ந்து திரும்ப ஏற்கெனவே தெரியும். அவர்கள் அட்டவணையில் சொன்னதைவிட இரண்டு அங்குலம் குட்டையாகத் தொடங்கலாம்.

வேக்போர்டில் சறுக்கினால் ஆகாதா?

ஆகாது. வேக்போர்டு குறுகலானது, இழுகயிற்றின் வேகத்துக்காகச் செய்தது. அலை தள்ளும் வேகத்தில் அது மூழ்கும். கால் அதில் பூட்டப்பட்டிருப்பதால், படகுக்கு இவ்வளவு அருகில் விழும்போது முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் கேடு.

விலையில் இவ்வளவு வித்தியாசம் ஏன்? மலிவான போர்டு போதுமா?

அமெரிக்கக் கடைகளில் அச்சில் அழுத்திச் செய்த போர்டுகள் ஏறக்குறைய 300 முதல் 500 டாலர் வரை. இபிஎஸ் எனும் தெர்மகோல் வகை நுரை உள்ளீட்டின் மேல் ஃபைபர்கிளாஸும் எப்பாக்ஸி பிசினும் போர்த்திய போர்டுகள் அதற்கு மேல். கார்பன் சேர்த்த உயர்தர ஸ்கிம் போர்டுகள் ஆயிரத்தைத் தாண்டும்.

அச்சில் செய்தவை கனமானவை, ஆனால் உறுதியானவை. படித்துறையில் இடிக்கும், குழந்தைகள் கீழே போடுவார்கள், பின்தட்டில் மோதும்; எல்லாவற்றையும் தாங்கும். முதல் போர்டுக்கும், பலர் பகிரும் போர்டுக்கும் இதுதான் சரி. எப்பாக்ஸிப் போர்டுகள் இலகுவானவை, காலின் அசைவுக்கு உடனே பதில் தரும், எம்பும்போது கூடவே வரும். ஆனால் ஒரு விரிசல் விழுந்தால் உள்ளே தண்ணீர் போகும். கயிறின்றி ஐந்து நிமிடம் நிற்க முடியாத நிலையில் ஆயிரம் டாலர் போர்டின் குணம் உங்களுக்குக் கிடைக்காது. மீதிப் பணத்துக்கு ஒரு பாலாஸ்ட் பையும் நல்ல ஃபின் தொகுப்பும் வாங்கலாம்.

வீட்டில் நான்கு பேர், ஒரே ஒரு போர்டுதான் வாங்க முடியும். எது?

கனமானவரின் எடைக்கு ஏற்றது. இலகுவானவர் பெரிய போர்டில் ஓட்ட முடியும். கனமானவர் சிறிய போர்டில் ஓட்டவே முடியாது. 5 அடி 2 அங்குலம் முதல் 5 அடி 6 அங்குலத்துக்குள், அச்சில் செய்த, மூன்று ஃபின் சர்ஃப் போர்டு பெரும்பாலான குடும்பங்களுக்குப் பொருந்தும். குழந்தைகள் ஓட்டும்போது படகின் வேகத்தை 9 முதல் 10 மைலுக்குக் குறையுங்கள். இரண்டாவது போர்டு வாங்கும் நாள் வந்தால் அதைக் குழந்தைகளின் எடைக்கு வாங்குங்கள். அவர்கள்தான் வேகமாகக் கற்றுக்கொள்வார்கள்.

பழைய போர்டு வாங்கும்போது எதைச் சோதிப்பது? விரிசல் இருந்தால் சரிசெய்யலாமா?

பாதம் படும் இரண்டு இடங்களிலும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கி எழுந்தால் மேல்தோல் நுரையிலிருந்து பிரிந்துவிட்டது, வாங்க வேண்டாம். ஃபினைப் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள். ஃபினோடு பெட்டியும் அசைந்தாலோ, பெட்டியைச் சுற்றி மயிரிழை விரிசல் தெரிந்தாலோ விட்டுவிடுங்கள். விளிம்பு முழுவதும் விரல் நுனியால் தடவுங்கள், கண்ணுக்குத் தப்பும் கீறல் விரலுக்குத் தெரியும். கடைசியாகத் தராசில் வைத்து, தயாரிப்பாளர் சொன்ன எடையோடு ஒப்பிடுங்கள். குறிப்பிடும்படி கூடுதலாக இருந்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறது.

சிறு விரிசலைச் சரிசெய்யலாம். முதலில் தண்ணீரை வடிக்க வேண்டும்: விரிசல் கீழே இருக்கும்படி போர்டை நிழலில் சாய்த்துப் பல நாள் விடுங்கள். மெல்லிய தாளை வைத்து அழுத்தினால் ஈரம் ஒட்டக்கூடாது. பிறகு சுற்றிலும் தேய்த்து, ஃபைபர்கிளாஸ் துணியும் எப்பாக்ஸி பிசினும் போட்டு மூடுங்கள். இபிஎஸ் போர்டில் பாலியெஸ்டர் பிசினைத் தொடவே வேண்டாம். அதிலுள்ள ஸ்டைரீன் நுரையைக் கரைத்து உள்ளே குழியாக்கிவிடும். வெயிலில் இறுகும் பிசின் குழாய்கள் பலவும் பாலியெஸ்டர்தான், எனவே எப்பாக்ஸி என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். ஏரியில் இருக்கும்போதே விரிசல் விழுந்தால், துடைத்து, தண்ணீர் புகாத நாடாவை ஒட்டலாம். அது அன்றைக்கு மட்டும்தான்.

வெயிலில் பூட்டிய காருக்குள்ளோ, மூடிய பைக்குள்ளோ போர்டை விடாதீர்கள். உள்ளே இருக்கும் காற்று சூடேறி விரிந்து மேல்தோலைக் கொப்புளமாக எழுப்பிவிடும். கறுப்பு நிறக் கார்பன் போர்டுகளுக்கு இது சீக்கிரம் நடக்கும். காற்றுத் திருகு உள்ள போர்டானால் விமானத்தில் அனுப்பும் முன் அதைத் தளர்த்துங்கள், தண்ணீரில் இறக்கும் முன் மீண்டும் இறுக்கிவிடுங்கள்.